குளியலறைப் பெரணி

பாகலூர் சாலை நர்சரியில்
"சாகாத செடி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.
நாகரத்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
கம்பெனிச் சீருடை, தூக்கம் கட்டிய கண்.
ரோஜா வரிசைகளைத் தாண்டிப் போய்
பச்சை வலைக்கூரையின் கடைசி மூலையிலிருந்து
இதைத் தூக்கி வந்தாள்.
"வெயில் காட்டாதே. மண்ணு காயாமப் பாத்துக்கோ. அவ்ளோதான்."
"பூக்குமா?"
"பூ வேணும்னா அந்தப் பக்கம் போம்மா."
நூற்று இருபது ரூபாய்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

சைலஜாவும் நானும் இருக்கும் அறைக்கு ஒரே ஜன்னல்.
மதியம் ஒரு மணி நேரம் மட்டும்
பக்கத்து மாடித் தகரத்தில் பட்டுத் தெறித்து வெயில் வரும்.
அங்கே வைத்தேன், நுனி கருகியது.
அலமாரி மேல் வைத்தேன்,
இலை உதிர்ந்து சைலஜாவின் சாம்பாரில் விழுந்தது.
"செடியா, நானா, முடிவு பண்ணு" என்றாள்.

கடைசியில் குளியலறை.
ஓசூர்க் குளிரில் ஐந்து மணிக்கு
பக்கெட்டுக்குள் கம்பி ஹீட்டர் முணுமுணுக்கும்.
ஆவி எழும்பிக் கண்ணாடியை மூடும்,
பிளாஸ்டிக் கதவு வியர்க்கும்.
அந்த அரைமணிப் புழுக்கத்தில்
அதற்கு ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
சுருட்டிய இஞ்ச் டேப் மாதிரி
புதுத் தண்டுகள் கிளம்பி
நாளுக்கு ஒரு விரல் அவிழ்ந்தன.
போர்த் தண்ணீரின் உப்பு நுனியில் பழுப்பாய்த் தெரிந்ததும்
கேன் தண்ணீரில் ஒரு தம்ளர் திருடினேன்.
சைலஜாவுக்குத் தெரியும். கேட்கவில்லை.

வேலையில் எனக்கு வார்ப்புச் சோதனை.
வரும் மூடி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பேன்.
மேல்பக்கம் எல்லாருக்கும் பளபளக்கும்,
அடிப்பக்கம்தான் பேசும்.
துளை, பிசிறு, கறை:
சிவப்பு மார்க்கர், தனிப் பெட்டி.
ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரத்து நானூறு.

ஆயுத பூஜைக்கு மறுநாள்
மெஷின் துடைத்த கை இன்னும் அடங்காமல்
இலையைத் திருப்பினேன்.
பழுப்புப் புள்ளிகள்.
இரண்டு ஓரமும் வரிசை பிசகாமல்,
யாரோ அளந்து பொட்டு வைத்த மாதிரி.
பூச்சி இத்தனை ஒழுங்காய் உட்காருமா என்று
கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.
பழைய டூத்பிரஷ், ஷாம்பு நுரை,
ஓர் இலை விடாமல் தேய்த்தேன்.
பழுப்புத் தூள் கரைந்து ஜலதாரைக்கு ஓடியது.

அடுத்த வாரம் சொன்னபோது
நாகரத்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.
"அது வெதை மாதிரிம்மா.
இதுக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது,
இருந்தது அது ஒண்ணுதான்.
அதைப் போய் சோப்பு போட்டுக் கழுவிட்டியே!"

பிப்ரவரியில் ஊர்
ரோஜாவை ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தது.
குளிர் லாரிகளுக்கு வழிவிட்டு
எங்கள் ஷிப்ட் பஸ் சிப்காட் திருப்பத்தில் நின்றது.
அத்தனை கொத்தில் ஒன்றும்
எங்கள் தெருவில் இறங்கவில்லை.

அன்று காலை
ஜலதாரை ஓரம், சாந்து உதிர்ந்த செங்கலில்
பச்சையாய் ஏதோ.
பாசிதான் என்று கால்விரலால் சுரண்டப் போனவள்
குனிந்து பார்த்தேன்.
எள்ளைவிடப் பெரிது, நகத்தைவிடச் சிறிது,
ஒட்டிக் கிடந்த தட்டைத் துண்டுகள்.
ஒவ்வொன்றும் இதய வடிவம்.
எண்ணினேன், பதினேழு.
மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.
ஒன்றின் வயிற்றிலிருந்து
நூல் தடிமனில் ஒரு தண்டு,
முனையில் முதல் இலை,
அதுவும் முழுசாய் விரியாமல்.

சைலஜா பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு நின்றாள்.
"மூடு" என்றேன்.

பையில் இருந்தது சிவப்பு மார்க்கர்தான்.
சுவரில் அம்புக்குறி போட்டு எழுதினேன்:
தொடாதே. சோப்பு கூடாது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால்
அதன் கீழே ஐப்ரோ பென்சிலில் அவள் கையெழுத்து:
பத்தொன்பது பேருக்கும்
வாடகையில் பங்கு உண்டா?